பெயரை மறைத்த மாணவர்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மலர்க்குழு கூடிற்று. இவ்வாண்டு மலரில் யார் யாரைப் பற்றிக் கட்டுரை வரவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமான பெயர்கள் வந்தன, வழக்கம்போலவே ஏற்றுக்கொள்ளப்பட்டன. அப்போது முதலாண்டு மாணவர் ஒருவர் சற்றுத் தயக்கத்தோடு, 'இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி எழுதலாமே' என்றார். கூடத்திலே ஒரு சிறு அமைதி. பிறகு மூத்த மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எனக்கு மிக வேண்டியவர். நல்ல உள்ளம் படைத்தவர். 'தம்பி, சாதித் தலைவர்களையெல்லாம் மலருக்குள் கொண்டுவந்தால் சங்கம் என்னத்துக்கு ஆகும்? கேரளத்திலே நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். தமிழர் என்ற ஒரே பெயரால்தான் நிற்கிறோம். அந்த ஒரு பெயர் போதாதா?'

எவரும் மறுமொழி கூறவில்லை. தேநீர் வந்தது, பேச்சு வேறு பொருளுக்குப் போயிற்று, கூட்டமும் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேட்டவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை. அவர் சொன்னதிலே உண்மையும் உண்டு. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்தும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்தும் வந்த நம்மை ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது மொழிதான். அதிலே எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. எனினும் அவர் கேட்ட கேள்விக்கு என் விடை 'போதாது' என்பதே. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை இறுதியில் கூறுவேன். முதலில் அந்த மனிதரைப் பார்ப்போம்.

இரட்டைமலை சீனிவாசன் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரிலே பறையர் குடியிற் பிறந்தவர். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். அவர் படித்தது கோயமுத்தூரில். பாலக்காட்டு நண்பர்களுக்கு வாளையாற்றைத் தாண்டினால் எட்டிவிடும் ஊர். அங்கே தாம் படித்த காலத்தில், ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர் என்று, 1939-இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலிலே அவர் குறிக்கிறார். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த இடம் அது. தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் மற்ற மாணவர்க்குத் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், மற்றவர் வந்து சேர்ந்துகொள்வதற்குள் விரைந்து வீடு திரும்புவார். விளையாட ஆசைதான். ஆனால் விளையாட்டிலே நட்பு வரும். நட்பிலே 'உன் வீடு எங்கே?' என்ற கேள்வி வரும். ஆகவே விளையாட்டையும் விட்டார்.

படிப்பு முடிந்ததும் நீலகிரியிலே ஓர் ஆங்கிலேய நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று தம் மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் திரட்டினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கே பக்கம், சிறிய அளவு. அதற்கு அவர் வைத்த பெயர்தான் வியப்புக்குரியது. எந்தச் சொல் தம் சக மாணவர் காதில் விழக்கூடாது என்று ஓடி ஒளிந்தாரோ, அந்தச் சொல்லையே பத்திரிகையின் நெற்றியிலே பெரிய எழுத்தில் அச்சிட்டார். 'பறையன்' என்பதே அந்தப் பத்திரிகையின் பெயர்.

அன்று அது என்ன சொல் என்பதை எண்ணிப் பாருங்கள். தெருவிலே வசையாக வழங்கிய சொல். அதைப் பத்திரிகையின் பெயராக்கினால், அந்த இதழை வாங்க வருகிறவன் வாயாலேயே அதைச் சொல்லிக் கேட்கவேண்டும். வசையாகச் சொல்லி வந்தவன் இப்போது காசு கொடுத்து, மரியாதையோடு, 'பறையன் ஒன்று கொடுங்கள்' என்று கேட்கவேண்டும்! ஒளிந்து வாழ்ந்தவர் எடுத்துக்கொண்ட துணிவு இது. ஒருவன் தன் பெயரை உரக்கச் சொல்லத் துணிந்துவிட்டால், அதை வைத்து அவனை அச்சுறுத்த எவராலும் முடியாது.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சீனிவாசனின் உடன்பிறந்தாளை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவர், பெரும் புலமையாளர். அவரும் இதே மக்களுக்காகவே வாழ்ந்தார். ஆனால் 'பறையன்' என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. அது பகைவர் இட்ட பெயர், அதை நாமே சுமப்பானேன் என்பது அவர் கட்சி. நாம் சாதி பேதமற்ற திராவிடர், இந்நாட்டின் பழங்குடிகள், புத்த நெறியினர் என்று அவர் வாதாடினார். 1891-இல் திராவிட மகாஜன சபையைக் கண்டார். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இதழ் தொடங்கினார்; அது பிறகு 'தமிழன்' ஆயிற்று. 1914 மே மாதத்தில் மறையும் வரை அதை நடத்தினார். மைத்துனர் இருவர், ஒருவர் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தார், மற்றவர் 'தமிழன்' என்று வைத்தார்!

இருவரில் யார் சரி? நெடுநாள் இதை எண்ணிக் குழம்பியிருக்கிறேன். எனக்குத் தெளிவு தந்தது நம் நாட்டு வரலாறன்று. கடல் கடந்த ஒரு கறுப்பரின் வரலாறு.

அயோத்திதாசர் மறைந்த அதே 1914-ஆம் ஆண்டில், ஜமாயிக்கா தீவிலே மார்க்கஸ் கார்வி என்ற 26 வயது இளைஞர் உலக நீக்ரோ முன்னேற்றச் சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1887-இல் பிறந்தவர், அச்சுக்கூடத்திலே தொழில் பழகியவர். பிழைப்புத் தேடி மத்திய அமெரிக்காவுக்குப் போய், கோஸ்டா ரிக்காவின் வாழைத் தோட்டத்திலே தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறிக்கும் கணக்கராக இருந்தவர். சீனிவாசனுக்கு நீலகிரி எப்படியோ, கார்விக்கு அந்தத் தோட்டம் அப்படி. தீவிலிருந்து கப்பலேறி வந்த கறுப்புத் தொழிலாளர் அங்கே எப்படி நடத்தப்பட்டனர் என்பதைக் கணக்கேட்டின் பக்கத்திலிருந்தே அவர் கண்டார். நம் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கார்வி 1916-இல் நியூயார்க் சென்றார். 1918-இல் 'நீக்ரோ உலகம்' என்ற கிழமை இதழைத் தொடங்கினார். 1919-இல் 'கறுப்பு விண்மீன்' என்ற பெயரில் கறுப்பர்களே பங்கு போட்டு நடத்தும் கப்பல் நிறுவனத்தைக் கண்டார். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கிலே பெரிய மாநாடு கூட்டி, கறுப்பின மக்களின் உரிமைச் சாசனத்தை வெளியிட்டார். சிவப்பு, கறுப்பு, பச்சை என்ற மூவண்ணக் கொடியும் அங்கேதான் ஏற்கப்பட்டது. கறுப்பர் ஓர் இனம், ஒரு நாட்டினர். அவர்களுக்கென்று வரலாறும் வாணிகமும் அரசும் வேண்டும் என்பதே அவர் கொள்கை. கறுப்புத் தேசியம் என்று உலகம் குறிப்பிடுவது இதைத்தான்.

அவர் குறையில்லாத மனிதர் என்று கூறமாட்டேன். கப்பல் நிறுவனம் நட்டத்தில் மூழ்கியது. ஏழைகள் போட்ட பணம் போயிற்று. அஞ்சல்வழி மோசடி என்ற குற்றச்சாட்டில் 1923-இல் தண்டனை பெற்று, 1925-இல் சிறை சென்றார். 1927-இல் நாடு கடத்தப்பட்டார். கறுப்பரை வெறுத்த வெள்ளை வெறியர் கூட்டத்தின் தலைவரை 1922-இல் அவர் சந்தித்துப் பேசியதை அவருடைய இனத்தவரே மன்னிக்கவில்லை. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் போன்ற பேரறிஞர்கள் அவரை வன்மையாகக் கண்டித்தனர். 1940-இல் லண்டனிலே மறைந்தார். ஆனால் 1964-இல் விடுதலை பெற்ற ஜமாயிக்கா அவர் உடலைத் தாயகத்துக்குக் கொண்டுவந்து, தன் முதல் தேசிய வீரராகப் போற்றியது. 2025 ஜனவரியிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். தோற்றுப்போன கப்பல் வணிகரை மக்கள் ஏன் மறக்கவில்லை? தலை குனிந்து நடந்தவர்களை நிமிர்ந்து நடக்கச் செய்தாரே, அதனால்தான்.

இப்போது பெயரைக் கவனியுங்கள். கார்வியின் காலத்தில் படித்த கறுப்பர் பலர் 'நிறத்தவர்' என்று மெல்லிய சொல்லால் அழைக்கப்படுவதை விரும்பினர். கார்வி 'நீக்ரோ' என்ற சொல்லை எடுத்துக் கொடியிலே கட்டினார். அவருக்கு அடுத்த தலைமுறை, 'நீக்ரோ' என்பதும் வெள்ளையர் வைத்த பெயரே என்று அதையும் தள்ளி, 1960-களில் 'கறுப்பர்' என்று தங்களைக் கூறிக்கொண்டது. கார்வியின் இயக்கத்திலே தொண்டு செய்த ஒரு போதகரின் மகன், தன் குடும்பப் பெயர் அடிமை முதலாளி இட்டது என்று அதைத் துறந்து, அந்த இடத்திலே ஆங்கில எக்ஸ் என்ற ஓரெழுத்தை இட்டுக்கொண்டார். அவர்தாம் 1965-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸ். சொல் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒன்று மாறவில்லை. தன் பெயரைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை எவனுக்கும் உண்டு என்பதே அது.

இதைக் கண்டதும் என் குழப்பம் தீர்ந்தது. சீனிவாசன் பழிச்சொல்லைப் பற்றி எடுத்துப் பெருமையாக்கினார். அயோத்திதாசர் பழிச்சொல்லை எறிந்துவிட்டுப் பழம்பெயரைத் தேடி எடுத்தார். வழி இரண்டு, ஆனால் 'எங்களுக்குப் பெயர் வைக்க நீ யார்?' என்று இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே. 1922-இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு வழக்கிலே ஏற்றதும் அந்தக் கேள்வியின் பயனே.

சரி, பெயரை உரக்கச் சொன்னதால் வயிறு நிறைந்ததா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சீனிவாசன் பெயரோடு நின்றுவிடவில்லை. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 'வாய்ப்பெல்லாம் ஒரு சில மேற்சாதியாருக்கே போய்ச் சேரும். எங்களை ஆள வருவோர் எங்களைத் தீண்டாதவராக இருப்பர்' என்ற அச்சத்தைச் சொல்லி, 3,412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதனால் அவரை வெள்ளையருக்கு வேண்டியவர் என்று ஏசுவோர் உண்டு. நாட்டு விடுதலையை விரும்பும் எவருக்கும் அந்த விண்ணப்பம் கசக்கும், எனக்கும் கசக்கிறது. ஆனால் பொதுத் தெருவிலே நடக்கவிடாதவன் 'நாமெல்லாம் ஒன்று' என்று சொன்னால், நடக்க முடியாதவன் உடனே நம்பிவிட வேண்டுமா? அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னே இருந்த அச்சத்தை அவர்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. அதை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாம்.

1900-இல் தம் மக்களின் குறையை லண்டனில் நேரே எடுத்துரைக்க எண்ணிப் புறப்பட்டார். வழியிலே ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்தார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர் ஆனார்.

இங்கேதான் அவர் கதை நம் பாலக்காட்டு மண்ணைத் தொடுகிறது. அந்நாளில் பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1924 ஆகஸ்டில் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன், சீனிவாசன் அமர்ந்திருந்த அதே மன்றத்திலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பரில் அரசாணையும் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் திருவிதாங்கூர்ச் சீமையிலே வைக்கம் போராட்டம் நடந்தது. தந்தை பெரியார் அங்கே சிறைப்பட்டார்.

ஆணை வந்தது, தெரு திறந்ததா? அவ்வாண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர்த் திருவிழா. ஆணையை நம்பி ஈழவ மக்கள் சிலர் கல்பாத்தித் தெருவுக்குள் நடந்து சென்றனர். அடித்து விரட்டப்பட்டனர். பிறகு அமைதியைக் காப்பதாகச் சொல்லி அதிகாரிகள் தடை போட்டனர். மனம் நொந்து ஆரிய சமாஜத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. தோழர்களே, கல்பாத்தித் தெருவிலே வீட்டு மொழி எது? தமிழ். தடுத்தவர் வாயிலும் தமிழ்தான் இருந்தது. இன்று அந்தத் தெருவிலே தேர் ஓடும்போது நாம் எல்லோரும் போய்ப் பார்க்கிறோம், மகிழ்கிறோம். அங்கே இன்று வாழ்வோர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் 'தமிழர் என்ற ஒரு பெயர் போதாதா?' என்று கேட்கும்போது, அந்தப் பெயர் 1924-இல் எவரைக் காத்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்கு என்று 1900-இல் புறப்பட்டவர், முப்பது ஆண்டு கழித்து 1930-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். வட்ட மேசை மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராக அமர்ந்தார். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து உண்டு. 1945 செப்டம்பரில் மறைந்தார். பள்ளிக்கு வெளியே ஒளிந்திருந்து மணியோசைக்குக் காத்திருந்த சிறுவர், பேரரசின் தலைநகரிலே தம் மக்களுக்காகப் பேசிவிட்டுத்தான் கண்மூடினார்.

'அதெல்லாம் பழங்கதை, இப்போது அப்படியா இருக்கிறது?' என்று சிலர் கூறலாம். அவர்களைக் கோவிந்தாபுரத்துக்கு வருமாறு அழைக்கிறேன். பொள்ளாச்சிச் சாலையிலே எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர், முதலமடை ஊராட்சி. அங்கே அம்பேத்கர் காலனியிலே சக்கிலியர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2017-இல் அந்த மக்கள் எழுப்பிய முறையீடு கேரளம் முழுவதும் செய்தியாயிற்று. தேநீர்க் கடையிலே தங்களுக்குத் தனிக் குவளை, பொதுக் குழாயிலே தண்ணீர் பிடிக்கத் தடை என்று அவர்கள் கூறினர். கண்டித்துப் பலரும் அங்கே கூடிச் சமபந்தி உணவு உண்டனர். சீர்திருத்தத்துக்குப் பெயர்பெற்ற கேரளத்திலே, தமிழ் நன்றாகக் காதில் விழும் ஓர் எல்லையூரிலே, அயோத்திதாசர் மறைந்து நூறாண்டு கடந்த பின் எழுந்த முறையீடு இது.

மலைக்கு வாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றிலே கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அன்று நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். தங்கள் பெயரால் பல்லாண்டாகப் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகே விடவில்லை. 'எங்களுக்காக நாங்களே பேசுவோம்' என்பதே அவர்கள் நிலை. ஒன்பது நாளில் 20 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைப் பெற்றனர். அவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் என்ன? 'பெம்பிளை ஒருமை.' மேடைத் தமிழிலே மகளிர் என்றோ, மாதர் என்றோ வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தோட்டத்திலே தங்களைக் குறிக்க வழங்கிய பேச்சுச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். இரட்டைமலை சீனிவாசனையோ மார்க்கஸ் கார்வியையோ அவர்கள் படித்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த இருவரும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது சாதிச் சான்று கேட்கிறார்கள். கேரளத்திலே பட்டியல் சாதிச் சான்று பெற வேண்டுமானால், 1950-க்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததற்கு ஆவணம் காட்டவேண்டியிருக்கிறது. லயத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனுக்குப் பட்டா ஏது? பத்திரம் ஏது? பாட்டன் பெயர் பழைய செக்ரோலில் எங்கோ இருந்தால் உண்டு. அதைக் கறையான் தின்றிருந்தால் இல்லை. என்ன கொடுமை பாருங்கள்! விடுதியிலே மறைக்கவேண்டியிருக்கிற பெயரை, அலுவலகத்திலே மெய்ப்பிக்க முடியவில்லை. இழிவுக்குச் சான்று கேட்பாரில்லை. உரிமைக்கு மட்டும் சான்று வேண்டும்.

இனி, கூட்டத்திலே நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைக் கூறிவிடுகிறேன்.

முதலாண்டில் நான் விடுதிக்கு வந்த அன்று, அறைத் தோழர் ஊரைக் கேட்டார். 'மூணாறு' என்றேன். 'அடடா! கொடுத்து வைத்தவர் நீங்கள்' என்றார். 'அப்பா என்ன செய்கிறார்?' என்றார். 'எஸ்டேட்டில் வேலை' என்றேன். அவர் அதை அதிகாரி வேலை என்று எண்ணிக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஒரு விடுமுறையிலே அவர் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னபோது, வீட்டிலே நோய் என்று பொய் சொன்னேன். அவர் நல்லவர். வந்திருந்தால் என் தாய் காய்ச்சிக் கொடுக்கும் கட்டன் தேநீரைக் குடித்துவிட்டு மகிழ்ந்திருப்பார். எனினும் நான் அஞ்சினேன். எவரும் என்னை அடிக்கவில்லை. எவரும் என்னை ஏசவில்லை. ஆனாலும் அந்தக் கோயமுத்தூர் மாணவரைப்போல மணி அடிக்கும்வரை வெளியே நின்றுகொண்டிருந்தேன். மூன்றாண்டு நின்றுவிட்டேன்.

ஆகவே மூத்தவரான என் நண்பருக்கு இப்போது மறுமொழி கூறுகிறேன். அண்ணா, தமிழர் என்ற பெயரை நான் வெறுக்கவில்லை. அயோத்திதாசர் தம் இதழுக்குச் சூட்டிய பெயரல்லவா அது? ஆனால் அந்தப் பெயருக்குள்ளே வரவேண்டுமானால் மற்றொரு பெயரை வாயிலிலே கழற்றி ஒளித்துவிட்டு வா என்றால், உள்ளே வருகிறவன் முழு ஆளாக வரமாட்டான். நம் சங்கத்தைப் பிரிப்பது ஒரு கட்டுரையன்று. கட்டுரை வேண்டாம் என்றபோது நம்மில் சிலர் ஒருவரையொருவர் பாராமல் தலைகுனிந்தோமே, பிரிவு அங்கே முன்னமே இருந்தது. கார்வியின் பிழைகளும் எனக்கு நினைவுண்டு. தன்மானம் பிறர் வெறுப்பாக மாறினால் அது பாழ் என்பதை அவர் வாழ்விலிருந்தே கற்கலாம். நான் கேட்பது தனிக் கொடியன்று. ஒளியாமல் உட்கார ஓர் இடம்.

அதற்குச் சங்கம் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். அந்த முதலாண்டுத் தம்பி கேட்ட கட்டுரை வந்துவிட்டது; அவரையே அடுத்த கூட்டத்தில் சீனிவாசனின் அந்தச் சிறு நூலைப் பற்றிப் பேசச் சொல்வோம். சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவும் பழைய ஏடுகளைத் தேடவும் நம்மில் நால்வர் முன்வருவோம். அடுத்த விடுமுறையிலே கோவிந்தாபுரம் சென்று, அங்கே நிலைமை இன்று எப்படி இருக்கிறது என்று அந்த மக்களிடமே கேட்டு, அதை மலரில் எழுதுவோம்.

நான் என் பங்கைச் செய்கிறேன். நான் மூணாற்று மலையிலே ஒரு லயத்திலே பிறந்தவன். என் தாய் கொழுந்து பறிப்பவர். என் தந்தை கவ்வாத்து வெட்டுபவர். பறையர் குடி. அறைத் தோழருக்கு நேற்றிரவே இதைச் சொல்லிவிட்டேன். 'இதைச் சொல்ல மூன்று வருடமா?' என்று கேட்டார். பிறகு, 'அடுத்த மாதம் உங்கள் ஊருக்குப் போவோமா?' என்றார். போகிறோம்.